ஃபோட்டோ எடிட்டிங்: எனக்கு ஒரே மென்பொருள் போதவில்லை

சொந்தக்காரர் வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழா என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற ஆள் நான், தொழில்முறைக்காரன் இல்லை. அடோபியின் லைட்ரூமில் ஆரம்பித்து, சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டு, இப்போது சில வருடங்களாக டார்க்டேபிள், கிம்ப் என்ற இரண்டு இலவச மென்பொருள்கள்தான். "எதுங்க பெஸ்ட்?" என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரே படத்தோடு உட்கார்ந்து மல்லுக்கட்டப் போகிறீர்களா, இல்லை ஒரு கல்யாணத்தின் மொத்தப் படத்தையும் சீக்கிரம் முடித்துக் கொடுக்க வேண்டுமா?

ஃபோட்டோஷாப்பும் கிம்ப்பும் ஒரே படத்தோடு மல்லுக்கட்டத்தான், மொத்தமாக என்றால் அவை அதற்கானவை இல்லை. லைட்ரூம், டார்க்டேபிள் ரகம்தான் சரி. ஒரு படத்தில் வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிபண்ணி அதை அப்படியே மற்றவற்றுக்கும் ஒட்டிவிடலாம். மூலக் கோப்பில் கை வைக்காது. டார்க்டேபிள் என்றால் நாம் செய்த மாற்றத்தை மட்டும் பக்கத்திலேயே ஒரு குட்டி எக்ஸ்எம்பி கோப்பாக எழுதி வைக்கும்.

சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பை இவற்றில் திருத்துவதன் அருமை தெரிய ஒரு முகூர்த்தப் பட்டு போதும். அரக்குச் சிவப்பு, மேலே மேடை விளக்கு. ஜேபெக்கில் பார்த்தால் புடவையின் மடிப்பெல்லாம் காணாமல் போய் ஒரே சப்பைச் சிவப்பாக இருக்கும். பல சமயம் சென்சாரில் சிவப்பு நிரம்பியிருக்காது, வெள்ளை வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்று (வெள்ளைச் சமநிலை) கேமரா சிவப்பைப் பெருக்கி ஜேபெக் ஆக்கும்போதுதான் வழிந்துவிடும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 14 பிட் ரா கோப்பில் 16,384. ராவில் எடுத்து எக்ஸ்போஷரைக் கொஞ்சம் இறக்கினால் மடிப்பும் சரிகையும் திரும்பி வந்துவிடும்.

டார்க்டேபிள் இலவசம், ஆனால் பழகப் பொறுமை வேண்டும். ஒரே வேலையை நாலு மாட்யூலில், அதாவது நாலு தனித்தனிக் கருவியில், செய்யலாம், எதில் செய்வது என்று யாரும் சொல்லித் தர மாட்டார்கள். லைட்ரூமில் 2021-இல் வந்த மாஸ்க் வசதியால் ஆளையோ வானத்தையோ ஒரே சொடுக்கில் பிரித்துவிடலாம். காசு வாங்கிக்கொண்டு படம் எடுப்பவர் அதற்காகவே சந்தா கட்டலாம், தப்பில்லை. என்ன, சந்தா நின்றால் லைட்ரூமின் கணினிப் பதிப்பான லைட்ரூம் கிளாசிக்கில் படத்தைத் திருத்தும் டெவலப் பகுதி பூட்டிக்கொள்ளும், படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், அவ்வளவுதான்.

அப்புறம் தமிழ் எழுத்து. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டெக்ஸ்ட் எஞ்சின் அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு மாற்றாமல் யூனிகோடில் "கொலு" என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி நின்றது. டிடிபி கடைகளில் பாமினி மாதிரி யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கிம்ப்பில் இந்தத் தலைவலி இல்லை. 2025 மார்ச்சில் வந்த 3.0-க்குப் பிறகு ஃபில்டர் போட்டதைப் பின்னால் போய் மாற்றவும் முடிகிறது. ஆனால் ரா கோப்பைத் தானாகத் திறக்காது, டார்க்டேபிள் மாதிரி ஒன்றின் துணை வேண்டும். அச்சகத்துக்காக முழுக்க சிஎம்ஒய்கே என்ற அச்சு நிற முறையிலேயே வேலை செய்பவர்களுக்கும் கிம்ப் ஒத்துவராது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் அளவுக்குத்தான் என்றால் இவ்வளவும் வேண்டாம், போனில் ஸ்னாப்சீட் போதும். யாரோ அனுப்பிய பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) கோப்பில் ஒரு தேதியை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ஃபோட்டோபீ. பிரவுசரிலேயே திறக்கும், கோப்பு நம் கணினியை விட்டு எங்கும் போகாது, ஓரத்தில் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும், அதைக் கண்டுகொள்ளாதீர்கள்.