அன்சாக் பிஸ்கட் டப்பா: ருசி பிரமாதம், பின்பக்கக் கதையைத்தான் திருத்த வேண்டும்

ஏப்ரல் பிறந்தால் மெல்பர்ன் கடைகளில் அன்சாக் பிஸ்கட் முன்தட்டுக்கு வந்துவிடும். நான் வாங்கியது தகர டப்பாவில் வருவது. ஓட்ஸ், மைதா, சர்க்கரை, தேங்காய்த் துருவல், வெண்ணெய், கோல்டன் சிரப் என்ற சர்க்கரைப் பாகு, சமையல் சோடா, அவ்வளவுதான் சேர்மானம். முட்டை கிடையாது, மாவைப் பிடித்துவைப்பது அந்தப் பாகுதான், அதனால் பல நாள் கெடாமலும் இருக்கும். மொறுமொறுப்பாக இருக்க வேண்டுமா மெதுவாக இருக்க வேண்டுமா என்று இங்கே வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடக்கும். இது ஓரத்தில் மொறுமொறு, நடுவில் லேசாக இழுபடும், பாகு நன்றாகச் சிவந்த வாசனை. இனிப்பு மட்டும் ஒரு சிட்டிகை கூடுதல்.

என் வருத்தம் டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்பொலியில் போரிட்ட பிள்ளைகளுக்குத் தாய்மார்கள் சுட்டு அனுப்பிய பிஸ்கட் இது என்று போட்டிருக்கிறார்கள். கேட்க நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 1915 ஏப்ரல் 25 அன்று ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படை அங்கே கரையிறங்கியது. அந்தப் படைப்பிரிவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தான் அன்சாக். எட்டு மாதப் போரில் 8,000-க்கும் அதிகமான ஆஸ்திரேலியர்களும் சுமார் 2,700 நியூசிலாந்துக்காரர்களும் இறந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ராணுவ பிஸ்கட், மாவைப் பிசைந்து கல் மாதிரி சுட்டது. அதற்கு 'அன்சாக் டைல்' என்றே பெயர். கடிக்க முடியாமல் அதைப் பொடித்துக் கஞ்சி காய்ச்சியிருக்கிறார்கள், சிலர் அதன் மேலேயே எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் அந்தக் காலத்து ராணுவ பிஸ்கட்டுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உண்ணக் கொடுத்ததைக் கடிதமாக்கி அனுப்பியவனின் கதையை விட்டுவிட்டு வேறொன்றை ஏன் அச்சடிக்க வேண்டும்?

ஓட்ஸ் பிஸ்கட்டைப் பெரும்பாலும் ஊரில் இருந்தவர்கள்தான் சுட்டு, சந்தைகளிலும் விழாக்களிலும் விற்றுப் படைவீரர்களுக்காக நிதி திரட்டினார்கள். அதுவும் பெரிய காரியம்தான், அதையே எழுதலாமே. இன்று நாம் சாப்பிடும் இந்தச் சேர்மானம் அன்சாக் என்ற பெயரோடு அச்சில் வந்தது போர் முடிந்த பிறகு, 1920-ஐ ஒட்டி. தேங்காய் அதற்கும் பின்னால் சேர்ந்தது.

இவ்வளவு கறாராக ஏன் பேசுகிறேன் என்றால், அந்தப் பெயருக்கு இங்கே அவ்வளவு மரியாதை. 1921-ல் போட்ட விதிப்படி ஆஸ்திரேலியாவில் அனுமதி இல்லாமல் அன்சாக் என்ற சொல்லை வியாபாரத்துக்கு எடுக்க முடியாது. பிஸ்கட்டுக்கு விலக்கு உண்டு, ஆனால் பழைய சேர்மானத்தையும் வடிவத்தையும் விட்டு விலகக் கூடாது, 'குக்கி' என்று பெயர் போடவும் கூடாது. சேர்மானத்தில் ஒழுங்காக இருக்கும் நிறுவனம் கதையிலும் அப்படி இருக்க வேண்டாமா? அவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

பிஸ்கட்டுக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். டப்பாவைத் திறந்த பிறகு காற்றுப் புகாமல் மூடி வையுங்கள், ஈரம் பட்டால் ஒரே நாளில் நமத்துவிடும். ஏப்ரல் 25, அன்சாக் நாள் விடியற்கால அஞ்சலிக்குப் போகும்போது எடுத்துப்போக இன்னொரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன்.