தருமபுரியில் எட்டு ஆண்டுகள் ஓட்டிய லேடீஸ் சைக்கிள்: என் அனுபவம்

2017 ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரத்தில் இந்தச் சைக்கிளை வாங்கினேன். 26 அங்குலச் சக்கரம், கியர் கிடையாது, குறுக்குக் கம்பி கிடையாது. முன்னால் கூடை, பின்னால் கேரியர், முழு செயின் கவர், சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் கம்பி வலை. விலை 5,100 ரூபாய். இந்த வகைச் சைக்கிளைப் பல கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் செய்கின்றன. அதனால் நான் சொல்லும் நிறையும் குறையும் இந்த வகைக்குப் பொதுவானவை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பள்ளியின் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். வீடு பிடமனேரிப் பக்கம். பள்ளிக்குப் போக நான்கு கிலோமீட்டர், வர நான்கு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தே பாதி நாள் தாமதமானதால்தான் சைக்கிள் வாங்கினேன். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த மாதங்களைக் கழித்து, கடை, மாவு மில், உழவர் சந்தை எல்லாவற்றையும் சேர்த்தால் இதுவரை பதின்மூன்றாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓடியிருக்கும்.

முதல் மூன்று ஆண்டுகள் எனக்கும் சைக்கிளுக்கும் ஒத்துப்போகவில்லை என்றே சொல்ல வேண்டும். தருமபுரி சமதரை ஊர் இல்லை. காரில் போகிறவர்களுக்குத் தெரியாத மேடெல்லாம் சைக்கிளில் போகிறவர்களின் முழங்காலுக்குத் தெரியும். என் வழியிலும் ஒரு நீளமான ஏற்றம் உண்டு. பாதியில் இறங்கித் தள்ளுவேன். பள்ளிக்குள் நுழையும்போது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். 2020 தொடக்கத்தில், பேசாமல் ஸ்கூட்டர் எடுத்துவிடலாம் என்றார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை. கியர் சைக்கிளாக மாற்றலாமா என்று விசாரிக்க, எப்போதும் பஞ்சர் ஒட்டும் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர்.

“கியர் வண்டி எதற்கும்மா? முதலில் ஃபிரீவீலை மாற்றிப் பாருங்கள்” என்றார். ஃபிரீவீல் என்பது பின்சக்கரத்தில் செயின் ஓடும் சிறிய பல்சக்கரம்.

அவர் சொன்ன கணக்கை அப்படியே எழுதுகிறேன். இது தெரியாமல் சைக்கிளைத் துருப்பிடிக்க விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். பெடல் இருக்கும் பெரிய பல்சக்கரத்தில் 44 பல். பின்சக்கரத்து ஃபிரீவீலில் 18 பல். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும், வண்டி ஐந்து மீட்டர் போகும். அதே இடத்தில் 22 பல் ஃபிரீவீல் போட்டால் ஒரு மிதிக்குப் பின்சக்கரம் சரியாக இரண்டு சுற்று, வண்டி நான்கு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். தூரம் குறைகிற அளவுக்குக் காலில் விழும் பாரமும் குறையும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு.

ஃபிரீவீலைக் கழற்றினார். புதியதைத் திருகினார். பல் கூடியதால் பழைய செயின் எட்டவில்லை. பின்சக்கரத்தை முன்னே தள்ளிப் பார்த்தார், இடம் போதவில்லை. ஒரு அங்குல நீளத்துக்குக் கண்ணி சேர்த்து முடித்தார். அரை மணி நேர வேலை. கூலியோடு 380 ரூபாய்.

மறுநாள் காலை அந்த ஏற்றத்தில் நான் இறங்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டுக் கணவருக்குப் போன் செய்தேன். மூன்று ஆண்டுகளாக என் உடம்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், குறை நான்கு பல்லில் இருந்திருக்கிறது என்று சொன்னேன். ஸ்கூட்டர் பேச்சு அன்றோடு நின்றது. சமதரையில் கால் சற்று வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டுக்காகச் சைக்கிள் ஓட்டும் யாருக்கும் அது பெரிய இழப்பு இல்லை. மேடு உள்ள ஊர்களில் விற்கும் சைக்கிள்களுக்குக் கடையிலேயே 20 அல்லது 22 பல் போட்டுத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் வாரம் நான்கு நாளாவது களி. மாமியார் ராகியைக் கல் பொறுக்கிக் காயவைத்து, பத்துக் கிலோ பையாகக் கட்டித் தருவார். அது மில்லுக்குப் போவது என் கேரியரில்தான். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பது ஊரறிந்த விஷயம். குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு அந்தக் கவலை குறைந்தது. ஆனாலும் குழாயில் நீர் வராத நாளில் 20 லிட்டர் கேன் வாங்கி வருவோம், அதுவும் இதே கேரியரில். இப்படிச் சுமந்து சுமந்து மூன்றாம் ஆண்டில் கேரியரின் ஒரு கால், அச்சில் மாட்டும் துளைக்குப் பக்கத்தில் முறிந்தது. கம்பியை அந்த இடத்தில் தட்டையாக்கித் துளை போட்டிருக்கிறார்கள், பலம் அங்கேதான் குறைவு. வெல்டிங் பட்டறையில் இரண்டு பக்கமும் சின்னப் பட்டை இரும்பு வைத்துப் பற்றவைத்தோம். அதன் பிறகு அசையவில்லை. புதிதாக வாங்குபவர்கள் வாங்கிய வாரமே இதைச் செய்துவிடுங்கள். சுமை கட்டக் கயிறு வேண்டாம். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி எடுத்த ரப்பர் பட்டை கேனைப் பிடிப்பதுபோல் எந்தக் கயிறும் பிடிக்காது.

முழு செயின் கவர் சேலைக்கு நல்லது, செயினுக்கும் நல்லது. மண்ணும் மழையும் படாததால் முதல் செயின் ஐந்து ஆண்டுகளைத் தாண்டியும் உழைத்தது. ஆனால் குலுங்கும் சாலையில் அந்தத் தகரம் போடும் சத்தம் பொறுக்க முடியாதது. கவரைத் தாங்கும் கொக்கிக்கும் தகரத்துக்கும் நடுவே டியூப் துண்டை மடித்து வைத்தால் சத்தம் அடங்கும். செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க, மகனின் ஸ்கேலை வைத்து அளக்கிறேன். கண்ணிகளை இணைக்கும் ஆணி ஒன்றிலிருந்து அடுத்து வரும் இருபத்து நான்காவது ஆணி வரை புதுச் செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதைவிட அரைக்கால் அங்குலம் நீண்டுவிட்டால் மாற்றிவிட வேண்டும். விட்டால் ஃபிரீவீலின் பல்லையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பிரேக்தான் இந்தச் சைக்கிளின் பெரிய குறை. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். 2021 ஐப்பசியில் ஒரு மாலை, தூறலில் மகளைக் கேரியரில் உட்காரவைத்து இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. முன்னால் ஒரு மினி லாரி நின்றிருந்தது. கட்டட வேலைக்காகச் சாலையோரம் கொட்டியிருந்த மணலுக்குள் வண்டியை விட்டேன். மகளுக்கு முழங்கை சிராய்ப்பு, எனக்கு மணிக்கட்டில் வீக்கம். அன்றிரவு அவள் தூங்கிய பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமே முன்சக்கரத்துக்கு அலுமினிய ரிம் போட்டேன். ஸ்போக்ஸ் பூட்டிக் கோட்டம் எடுத்து 900 ரூபாய் ஆனது. மழையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது. இரும்பு ரிம்மே வைத்திருப்பவர்கள் மழை நாளில் இறக்கத்துக்கு முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விடுங்கள். ரிம்மில் இருக்கும் தண்ணீர் துடைபட்டால்தான் கட்டை பிடிக்கும். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கத்துக்கு இந்தச் சைக்கிளை எடுத்துப் போவதை நான் நினைத்தும் பார்க்க மாட்டேன்.

பஞ்சர் கணக்கைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறோம். இதுவரை 31. பெரும்பாலானவை தை முதல் சித்திரை வரை, சாலையோரம் காய்ந்து கிடக்கும் காலத்தில். குற்றவாளிகள் இரண்டே பேர், நெருஞ்சியும் வேலிகாத்தானும். நெருஞ்சி சின்னது, குத்திய இடத்திலேயே நிற்கும், காற்று மெல்ல மெல்ல இறங்கும். வேலிகாத்தான் முள் டயருக்குள் முறிந்து நுனி மட்டும் தங்கிவிடும். டியூபை ஒட்டிவிட்டு அதைத் தேடாமல் விட்டால் மறுநாளும் அதே இடத்தில் பஞ்சர். டயரின் உள்பக்கம் பஞ்சை வைத்து ஒரு சுற்றுத் தடவினால் நுனி இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். ஒட்டும்போது சொல்யூஷன் ஈரமாக இருக்கும்போதே துண்டை வைக்க விடாதீர்கள். தடவி, காய்ந்து, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் வைக்க வேண்டும். அவசரத்தில் ஒட்டியவையே எனக்கு மறுபடி பிரிந்தன.

பஞ்சரே இல்லாமலும் காற்று இறங்கும். அப்போது வால்வைப் பாருங்கள். இதில் பழைய பாணி வால்வு, உள்ளே மெல்லிய ரப்பர் வால் டியூப். வெயிலில் அது வெடித்துவிடும். என் மகன் விரலில் எச்சில் தொட்டு வால்வின் வாயில் வைத்து, குமிழி வருகிறதா என்று பார்ப்பான். நானும் அவன் வயதில், பாப்பாரப்பட்டியில், அப்படித்தான் பார்த்தேன். அங்கே மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த பெரிய சைக்கிளில், குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். என் அம்மா கடைசி வரை கற்றுக்கொள்ளவே இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிள் ஓட்ட வைத்ததைப் படிக்கும்போதெல்லாம், எங்கள் ஊருக்கும் அது அப்படி வந்திருந்தால் அம்மா சந்தைக்கு ஆறு கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டாமே என்று நினைப்பேன்.

வருடத்துக்கு ஒரு முறை, கோடை விடுமுறையில், வீட்டு முற்றத்திலேயே ஓவராயிலிங் செய்கிறோம். முதல் இரண்டு ஆண்டு கடையில் கொடுத்தோம், பிறகு என் கணவர் கற்றுக்கொண்டார். பழைய சேலையை விரித்து வண்டியைத் தலைகீழாக நிறுத்துவார். பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைத் திறந்தால் பக்கத்துக்கு ஒன்பது பால்ரஸ், அதாவது உருளும் இரும்புக் குண்டுகள். முன் ஹப்பில் அதைவிடச் சின்னவை, பக்கத்துக்குப் பத்து. எல்லாவற்றையும் டப்பா மூடியில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டு, மகள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து ஒளியில் பிடித்துப் பார்ப்பாள். புள்ளி விழுந்ததைத் தனியாக வைப்பாள். ஒரு வருடம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. மாமியார் துடைப்பம் எடுத்து முற்றம் முழுக்கக் கூட்டி, துளசி மாடத்தின் அடியிலிருந்து அதைக் கண்டெடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு மணி நேரம் டிவி ஓடாது, போன் மணி அடித்தாலும் யாரும் எழ மாட்டார்கள். எங்கள் நான்கு பேரையும் மாமியாரையும் ஒரே வேலையில் உட்காரவைக்கும் நாள் வருடத்தில் அது ஒன்றுதான்.

செலவு: எட்டு ஆண்டுகளில் டயர் இரண்டு ஜோடி, டியூப் ஐந்து, செயின் ஒன்று, ஃபிரீவீல், ரிம், சீட் ஒன்று, பெடல் ஒரு ஜோடி, பஞ்சர் எல்லாம் சேர்த்து நோட்டில் 6,240 ரூபாய் இருக்கிறது. பெயிண்ட் கைப்பிடிக்குக் கீழே உரிந்துவிட்டது. கூடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. சட்டத்தில் எந்தப் பழுதும் இல்லை.

யாருக்கு ஏற்றது என்று கேட்டால், ஊருக்குள் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போகிறவர்கள், சேலையில் போகிறவர்கள், சுமை கட்டுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். நீண்ட தூரத்துக்கு வேண்டாம். ஞாயிறு காலையில் பிள்ளைகளோடு அதியமான்கோட்டை வரை ஏழெட்டு கிலோமீட்டர் போய் வந்திருக்கிறோம், போகும் வழியெல்லாம் அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லிக்கொண்டே மிதித்திருக்கிறேன். ஆனால் லாரிகள் உரசிக்கொண்டு போகும் நெடுஞ்சாலையை ஒட்டிச் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாலையில் இராமாக்காள் ஏரிப் பக்கம் போய் வருவது போதும்.

இப்போது பாக்கியிருப்பது ஒரே வேலை, சீட் போல்ட். மகளுக்குப் பதின்மூன்று வயது, என்னைவிட உயரமாகிவிட்டாள். சனி, ஞாயிறுகளில் டியூஷனுக்கு இந்தச் சைக்கிளில்தான் போகிறாள். போகும்போது சீட்டை ஏற்றுவாள், திங்கட்கிழமை நான் இறக்குவேன். ஏற்றி இறக்கி போல்ட்டின் மரை தேய்ந்துவிட்டது. சீட் கம்பியில் நகப்பூச்சால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறாள், கீழ்க் கோடு அவளுடையது. போன மாதம் பார்த்தபோது அந்தக் கோட்டுக்குக் கீழே, ஒரு விரற்கடை தள்ளி, புதிதாக ஒரு கோடு இருந்தது. இந்தச் சனிக்கிழமை புதுப் போல்ட் வாங்கப் போகிறேன், இன்னும் கொஞ்சம் நீளமான சீட் கம்பி கிடைக்குமா என்றும் கேட்க வேண்டும்.