புரோப்பேன் ஹீட்டரைச் சரிசெய்வதா, டீசல் ஹீட்டருக்கு மாறுவதா?

அமெரிக்கா, கனடாவில் ஓடும், உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேன்களில் குளிர்காலம் வந்தாலே இந்தக் கேள்வியும் வந்துவிடும். சிலிண்டர் கேஸில் எரியும் புரோப்பேன் ஹீட்டரில் ஃபேன் சுற்றுகிறது, தீ மட்டும் பற்றவில்லை. அதற்காக ஹீட்டரையே கழற்றிப் போட வேண்டாம்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட் சரியாக வராவிட்டால் ஃபேன் மந்தமாகச் சுற்றும். காற்று போதாமல் உள்ளே இருக்கும் செயில் சுவிட்சின் மெல்லிய தகடு நகராது. அது நகரும்வரை கேஸ் வால்வு திறக்காது. தகட்டில் தூசியோ நாய் முடியோ சிக்கினாலும் இதே கதைதான். துடைத்துவிட்டால் போதும், காசு செலவே இல்லை. தீப்பொறி கொடுக்கும் எலக்ட்ரோடு, சர்க்யூட் போர்டு போயிருந்தாலும் மாற்றிவிடலாம். ஆனால் எரியும் புகையை வேனுக்குள் வரும் காற்றோடு கலக்காமல் பிரித்து வைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் என்றால் அந்த ஹீட்டரை மறந்துவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வேனுக்குள் வரும்.

டீசல் ஹீட்டரின் பெரிய வசதி, டீசல் வேனாக இருந்தால் வண்டியின் டேங்கிலிருந்தே எண்ணெய் எடுத்துக்கொள்ளும் என்பதுதான். சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஆனால் குறைந்த சூட்டிலேயே நெடுநேரம் ஓட்டினால் கரி படியும். மலை உயரத்தில் இன்னும் சீக்கிரம் படியும். பம்பின் டிக் டிக் சத்தம் வேறு. அப்புறம், பொருத்துவதற்கு வேனின் தரையில் ஓட்டை போட வேண்டும்.

அடுப்புக்கு எப்படியும் கேஸ் வைத்திருப்பவர், அதுவும் பெட்ரோல் வேன் என்றால், பழையதைச் சரிசெய்வதே மேல். கேஸ் இணைப்பைக் கழற்றி மாட்டியதும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டுக்குமே வேண்டும்.