கரீபியன் கடற்கரையில் இருவருக்கு ஒரு வாரம்: நான்கு கரைகள், ஓர் ஒப்பீடு

தம்பதிகளுக்கென்று கரீபியனில் நடக்கும் ரிசார்ட்டுகளின் விளம்பரப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது எந்தத் தீவு என்று சொல்ல முடியாது. அதே வெள்ளை மணல், அதே தென்னை, அதே நீச்சல்குளம். படத்தில் தெரியாத ஒரு விஷயம்தான் அந்த ஒரு வாரம் எப்படிப் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது: கரை எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது. அங்கே ஆண்டு முழுவதும் காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்துதான் வீசும். கிழக்குக் கரைக்கு அலை, காற்று, கடற்பாசி மூன்றும் நேராக வந்து சேரும். மேற்குக் கரை நிலத்துக்குப் பின்னால் ஒதுங்கி இருப்பதால் கடல் குளம்போல் கிடக்கும். மாலையில் சூரியன் தண்ணீரில் இறங்குவதும் அங்கேதான். ஆகவே ஹோட்டலின் நட்சத்திரங்களை எண்ணுவதற்கு முன் வரைபடத்தைத் திறந்து பாருங்கள்.

கொடுக்கும் பணத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று மட்டும் பார்த்தால் டொமினிகன் குடியரசின் புன்டா கானாவோடு மற்ற மூன்றும் (ஜமைக்காவின் நெக்ரில், செயின்ட் லூசியா, அருபா) போட்டி போட முடியாது. பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கின்றன, போட்டி அதிகம், சொந்த விமான நிலையம் இருக்கிறது. பாவரோ கடற்கரை ஹோட்டல்களுக்கு அங்கிருந்து அரை மணி நேரம்தான். கையில் ஹோட்டல் பட்டை கட்டியதும் மூன்று வேளை உணவு, மது, இரவு நிகழ்ச்சி எல்லாம் கணக்குக்குள் வந்துவிடும். வராதவை: லாப்ஸ்டர், பாட்டில் ஒயின், ஸ்பா, பெரும்பாலும் விமான நிலைய டாக்ஸி. புஃபே தவிர்த்த தனி உணவகங்களில் சிலவற்றுக்கு முன்பதிவு வேண்டும். அறைச் சாவி வாங்கிய கையோடு அதைச் செய்துவிடுங்கள். ஏழு மணி இடங்கள் முதலில் தீரும், பிறகு வந்தால் ஒன்பதரைதான். ஆண்கள் அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பும் உணவகங்களும் உண்டு. ஒரு பேன்ட், ஒரு மூடிய ஷூ கட்டாயம் எடுத்து வையுங்கள்.

புன்டா கானாவின் தலைவலி சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. 2011-லிருந்து அட்லாண்டிக்கில் பெருந்திரளாக உருவாகி, ஏறத்தாழ மார்ச், ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை புன்டா கானா போன்ற கிழக்குக் கரைகளில் வந்து குவிகிறது. கரையில் அழுகினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெளியாகும். அழுகிய முட்டை நாற்றம் அதனால்தான். டிராக்டர் வைத்து வாரும் ஹோட்டலும் உண்டு, கடலில் மிதவை வேலி போடும் ஹோட்டலும் உண்டு. ஆனால் பாசி மிகுந்த வாரத்தில் இரண்டும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். இதற்கு ஒரு நல்ல மாற்று அதே நாட்டிலேயே இருக்கிறது: பயாஹிபே. புன்டா கானா விமான நிலையத்திலிருந்து சுமார் ஒரு மணி நேரம், ஆனால் கரை கரீபியன் கடலைப் பார்க்கிறது. பாசி குறைவு, அலை குறைவு, அஸ்தமனம் உண்டு, சாவோனா தீவுப் படகும் அங்கிருந்தே கிளம்புகிறது. வடக்கே ஊவெரோ ஆல்டோ பக்கம் அறை வாடகை மலிவாகக் கிடைத்தால் காரணம் உண்டு: அங்கே அலை கடுமை, சிவப்புக் கொடி ஏறும் நாட்கள் அதிகம். நீந்தத் தெரியாதவர் ஜோடியில் ஒருவராவது இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டொமினிகன் குடியரசில் இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மாட்டிறைச்சியை மட்டும் விட்டுவிட்டு ஹாம் (பன்றி இறைச்சி) துண்டு தூவிக் கொண்டுவருவது நடக்கும். கோழி, மீன், பன்றி மூன்றையும் தனித்தனியாகச் சொல்லி மறுக்க வேண்டும். பீன்ஸ் குழம்பிலும் பன்றி சேர்ந்திருக்கலாம்.

இந்த விஷயத்தில் ஜமைக்காவின் நெக்ரில் எவ்வளவோ தேவலை. 1845 முதல் இந்தியக் கூலித் தொழிலாளர்கள் போய் இறங்கிய நாடு அது. கறியும் ரொட்டியும் உள்ளூர் உணவாகவே ஆகிவிட்டன. ராஸ்டஃபாரி மதத்தினரின் ஐட்டல் சமையல் இறைச்சி சேராதது. காலை உணவில் வரும் காலலூ நம் தண்டுக்கீரை இனம்தான். கருவாடு சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நெக்ரிலின் கடற்கரைக்கு ஏழு மைல் கடற்கரை என்று பெயர். அளந்தால் நான்கு மைல்தான் தேறும். முழுக்க மேற்குப் பார்த்த கரை. இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். ஆனால் மணல் அரிப்பு பல ஆண்டுப் பிரச்சினை. சில ஹோட்டல்களில் நாற்காலி வரிசைக்கும் அலைக்கும் நடுவே சில அடிதான் மிஞ்சும். எனவே விளம்பரப் படத்தை நம்பாமல் கடைசி மூன்று மாதத்தில் விருந்தினர் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். தெற்கே வெஸ்ட் எண்ட் பகுதியில் மணலே கிடையாது: சுண்ணாம்புப் பாறை, அதிலிருந்து ஏணி வழியாக நேரே ஆழ்கடல். நீச்சல் தெரிந்த இருவருக்கு அது சொர்க்கம், தெரியாதவர்களுக்கு வெறும் காட்சி.

தம்பதிகளுக்கு மட்டும் என்ற ஹோட்டல் வகை வேரூன்றிய நாடும் ஜமைக்காதான். கப்பிள்ஸ் நிறுவனம் 1978-லும், சாண்டல்ஸ் 1981-லும் அங்கே தொடங்கின. இரண்டிலும் டிப்ஸ் கொடுக்க வேண்டியதில்லை. சாண்டல்ஸில் பட்லர், ஸ்பா ஊழியர்கள் மட்டும் விதிவிலக்கு. ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் நீந்துவது) சான்றிதழ் வைத்திருப்பவருக்கு சாண்டல்ஸில் டைவிங் கட்டணத்திலேயே அடக்கம். வெளியே ஒரு டைவ் எவ்வளவு என்று விசாரித்தால், மற்ற ஹோட்டல்களோடு உள்ள வாடகை வித்தியாசம் அதிலேயே அடைபடுவது தெரியும். சான்றிதழ் இல்லாதவர் அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

மான்டெகோ பே விமான நிலையத்திலிருந்து நெக்ரிலுக்குச் சுமார் 80 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். ஏற்றிச் செல்லும் வண்டி கட்டணத்தில் சேர்ந்ததா என்று பாருங்கள். இன்னொன்று: 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா சூறாவளி ஐந்தாம் வகை வலிமையோடு தென்மேற்கு ஜமைக்காவில் கரையேறியது. பதிவு செய்யும் முன் எல்லாக் கட்டடங்களும் உணவகங்களும் இயங்குகின்றனவா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

செயின்ட் லூசியாவுக்குப் போகிறவர்கள் கடற்கரைக்காகப் போவதில்லை, மலைக்காகப் போகிறார்கள். 798 மீட்டர் குரோ பீட்டோன், 743 மீட்டர் பெட்டி பீட்டோன் என்று கடலிலிருந்து செங்குத்தாக எழும் இரண்டு சிகரங்கள். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி. அவற்றைப் பார்த்து 2006-ல் திறந்த ஜேட் மவுண்டன் ஹோட்டலின் அறைகளுக்கு நான்காவது சுவர் கிடையாது, ஏசி கிடையாது, டிவி கிடையாது. கேட்க அழகாக இருக்கும். ஆனால் இரவில் தவளைச் சத்தம் முழுவதும் உள்ளே வரும், கொசுவலைக்குள்தான் தூக்கம். திறந்த உணவகங்களில் காலை நேரம் சிறு குருவிகள் மேசைக்கே வந்து சர்க்கரைப் பொட்டலத்தைக் கொத்தும். கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வைப்பதுதான் வழி. மணல் எரிமலைச் சாம்பல் நிறம். பீட்டோன்களுக்கு அருகிலுள்ள சூஃப்ரியேர் ஊர்ப் பக்க ஹோட்டல்கள் சரிவில் கட்டியவை, அறைக்கும் கரைக்கும் நடுவே நிறையப் படிகள். முழங்கால் வலி இருந்தால் கரையோர அறை எது என்று கேட்டு வாங்குங்கள்.

இங்கே பலர் ஏமாறுவது தூரத்தில். ஹெவனோரா விமான நிலையம் தீவின் தென் முனையில் இருக்கிறது. பெரிய ரிசார்ட்டுகளில் பல வடக்கே ரோட்னி பே, குரோ ஈலே பக்கம். வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் ஒன்றரை மணி நேரம், வாந்தி வரும் பழக்கம் இருந்தால் மாத்திரை முன்கூட்டியே. பீட்டோன்களைப் பார்க்கத்தான் போகிறோம் என்றால் வடக்கில் அறை எடுப்பதில் அர்த்தமில்லை. சூஃப்ரியேரின் கந்தக ஊற்றில் சேற்றுக் குளியலுக்குப் போகும் பெண்கள் மெட்டியையும் வெள்ளிக் கொலுசையும் அறையிலேயே கழற்றி வையுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுத்துவிடும். வெளிர் நிற நீச்சலுடையில் சேற்றுக் கறை போகாது.

அருபா தனி ரகம். வெனிசுவேலாக் கரையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் குறைவு; சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருப்பதால் செப்டம்பரில்கூடத் துணிந்து போகலாம். நான்கில் இதற்கு மட்டும்தான் அந்த வசதி. மழை குறைவு, கடல்நீரைச் சுத்திகரித்த குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஹோட்டல்கள் மேற்குக் கரையில். காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அலை இருக்காது, ஆனால் ஆபத்து அதில்தான்: காற்றடைத்த மிதவையில் கண்மூடிப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் கரை தூரப் போயிருக்கும். ஈகிள் பீச் ஹோட்டல்கள் உயரம் குறைந்தவை, அமைதியானவை. பாம் பீச் உயர் கட்டடங்களும் கசினோக்களும். இருவருக்கு ஈகிள் பீச் போதும். ஆக்ஸிபென்சோன் கலந்த சன்ஸ்கிரீன் 2020 ஜூலை முதல் அங்கே தடை, வாங்கும்போது பின்பக்கம் படித்து வாங்குங்கள். அருபாவில் பல ஹோட்டல்கள் உணவு சேராத அறை வாடகை மட்டுமே சொல்லும். அந்தத் தொகையை புன்டா கானாவின் முழுக் கட்டணத்தோடு நேராக ஒப்பிடவே கூடாது. வரி, சேவைக் கட்டணம், இருவரின் மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் கூட்டிய பிறகு பாருங்கள். மது அருந்தாத தம்பதிக்குக் கணக்கு மாறும்: அவர்கள் புன்டா கானாவில் குடிக்காத மதுவுக்கும் பணம் கட்டுகிறார்கள், அருபாவில் சமையல் மூலையோடு கூடிய அறை எடுத்தால் மிச்சம் பிடிக்கலாம்.

காலம் என்று பார்த்தால் பிப்ரவரி, மார்ச் முதல் பாதி நான்குக்கும் நல்லது, விலையும் உச்சம். மே மாதம் நெக்ரிலுக்கும் செயின்ட் லூசியாவின் மேற்குக் கரைக்கும் பொருத்தம். சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உச்சம். அப்போது போகிறவர்கள் பயணக் காப்பீட்டை டிக்கெட்டோடு சேர்த்தே எடுக்க வேண்டும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்த காப்பீடு அந்தப் புயலுக்குச் செல்லாது.

ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். அமெரிக்கா வழியாக விமானம் மாறினால், வெளியே காலே வைக்காவிட்டாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன் அல்லது ஷெங்கன் விசா இருந்தால் டொமினிகன் குடியரசுக்குத் தனி விசா தேவையில்லை. இணையத்தில் இலவசமாக நிரப்பும் இ-டிக்கெட் என்ற நுழைவுப் படிவம் மட்டும் போதும். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவும் அரசுத் தளம் அல்ல. செயின்ட் லூசியாவில் 240 வோல்ட், பிரிட்டிஷ் மூன்று முனை பிளக். மற்ற மூன்றிலும் 110 முதல் 127 வோல்ட், தட்டை முனை. ஃபோன் சார்ஜர் எங்கும் ஓடும். 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்த ஹேர் டிரையர் அந்த மூன்றிலும் சரியாகச் சூடேறாது.