முதிரைப் பலகையில் வயர் ஓட்டை: 60 மில்லிமீற்றர் பைமெட்டல் ஹோல் சோ

புதுக்குடியிருப்பில் கொமினிகேசன் கடை வைச்சிருக்கிறன். மீள்குடியேறி வந்த பிறகு செய்வித்த முதிரை மேசை, மேல்பலகை ஒண்டேகால் அங்குலம். பிரிண்டர், மொனிற்றர், றூட்டர் வயரெல்லாம் விளிம்பால தொங்கி, போட்டோகொப்பி எடுக்க வாற பிள்ளையளின்ர காலில சிக்கும். ஓடாவியார் பின்விளிம்பை உளியால வெட்டி விடுறன் எண்டார். எனக்கு மனம் வரேல்லை. வட்டமா, சுத்தமா ஒரு ஓட்டை வேணும். அதுக்குத்தான் ஹோல் சோ: ட்றில்லில பூட்டி வட்டமா அறுக்கிற, விளிம்பில பல்லு வைச்ச வளையம்.

ஹாட்வெயர்களில ஒரு பெட்டிக்குள்ள பத்துப் பன்னிரண்டு வளையம் அடுக்கின செற் விக்கிறாங்கள். பாக்க ஆசையாத்தான் இருக்கும். சிப்போட், ஜிப்சம் சீலிங் எண்டால் அது காணும். முதிரைக்குக் கொண்டு போகாதேங்கோ. வளையம் மெல்லிசு, ஆழமும் குறைவு. பல்லு மழுங்கிப் புகைதான் வரும். நான் எடுத்தது தனி பைமெட்டல் ஒண்டு. பல்லு ஹைஸ்பீட் ஸ்ரீல், உடம்பு வளைஞ்சு குடுக்கிற இரும்பு. ஒண்டரை அங்குலம் வரைக்கும் இறங்கும்.

60 மில்லிமீற்றர் எதுக்கெண்டால், 13 அம்பியர் சதுரப்பின் பிளக்கை வெட்டாமல் அப்பிடியே இறக்கலாம். 35இல எச்டிஎம்ஐ, யூஎஸ்பி தலை போகும், பிளக் போகாது. ஓட்டையில பொருத்துற, கடையில விக்கிற வயர் மூடியும் 60க்குத்தான் லேசாக் கிடைக்கும்.

வெட்டு நல்லாயிருக்கு, ஆனால் அவசரப்படக்கூடாது. ட்றில்லை ஆகக் குறைஞ்ச வேகத்தில விட்டு, கொஞ்சம் இறங்கினவுடன எடுத்து மரத்தூளைத் தட்டோணும். தூள் அடைச்சால் முதிரை கருகும், அந்த மணம் நாள்க்கணக்கில கடைக்குள்ள நிக்கும். நடுவில இருக்கிற பிற்றின் முனை கீழ்ப்பக்கம் எட்டிப் பாத்த உடன நிப்பாட்டி, மிச்சத்தைக் கீழ இருந்து வெட்டினால் சிராய் பேராது. மேசையைத் திருப்ப ஏலாதெண்டால் அடியில ஒரு பழைய பலகையை கிளாம்ப் போட்டு இறுக்குங்கோ. பக்கக் கைபிடி இல்லாத ட்றில்லோட இந்த வேலைக்குப் போகவேண்டாம். பல்லு கடிச்சு நிண்டால் மணிக்கட்டைத் திருகிப்போடும்.

குறை ரெண்டு. ஹோல் சோவை ட்றில்லோட பிடிக்கிற தண்டு தனியா வாங்கவேணும், அது 11 மில்லிமீற்றர் அறுகோணம். வீட்டில இருக்கிற ட்றில்லின்ர 10 மில்லிமீற்றர் சக்குக்குள்ள (பிற்றைக் கவ்வுற வாய்) போகாது. 13 சக் உள்ள மெசின் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ, கடைக்காரர் தானாச் சொல்லமாட்டார். மற்றது, வெட்டின வட்டக்கட்டை உள்ளுக்க இறுகிவிடும். ஹோல் சோவின்ர பக்கத்தில இருக்கிற துவாரத்தால ஸ்குரூட்றைவரை விட்டு நெம்பினால்தான் வரும்.

ஒரு ஓட்டைதான் எண்டால் ஓடாவியாரிட்டயே மேசையைக் குடுங்கோ. எனக்கு இன்னும் ரெண்டு மேசையும் ரிவி ஸ்ராண்டும் கிடக்கு, அதால காசு வீணில்லை. வயர் மூடிதான் கறுப்பைத் தவிர வேற நிறத்தில கிடைக்கேல்லை; மஞ்சள் முதிரைக்கு அது ஒட்டவேயில்லை.