நுரையீரல் தொற்றுக்கு ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்களை நம்பாதீர்கள்

நேற்று மாலைதான் அப்பாவுக்குக் காசநோய் என்று உறுதியானது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன்.

மூன்று வாரங்களாக விடாத இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்ததால், மருத்துவர் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பாவை அலைக்கழிக்க மனமில்லாமல், வீட்டுக்கே வந்து மாதிரி எடுக்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தின் ‘நுரையீரல் தொற்று முழுத் தொகுப்பு’க்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினேன். அது என்னுடைய அரை மாதச் சம்பளம்.

வந்த இளைஞர் மிகவும் பணிவானவர். வலிக்காமல் மூன்று குழாய் ரத்தம் எடுத்தார். அவருடைய பையில் சிவப்பு மூடி போட்ட சளிக் குப்பி ஒன்றும் இருந்தது. அப்பா அதற்குக் கை நீட்டியபோது, “நீங்கள் இருமிச் சிரமப்பட வேண்டாம் ஐயா, ரத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்” என்று சொல்லி, உறையைக்கூடப் பிரிக்காமல் அதைப் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டார். அந்தக் கனிவில்தான் ஏமாந்தேன். மருத்துவர் எழுதியது சளிப் பரிசோதனை என்று தெரிந்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

காசநோய்க் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களை ரத்தத்தில் தேடிய இரண்டு பரிசோதனைகளும் ‘நெகட்டிவ்’ என்று முடிவு வந்தது. அதை நம்பி இருமல் மருந்தோடு 12 நாட்களைக் கடத்தினோம். அத்தனை இரவும் என் மகள் தாத்தாவின் அறையிலேயே படுத்திருந்தாள். சளியில் ரத்தம் தெரிந்த பிறகு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே சளியில் கிருமியின் மரபணுவைத் தேடிச் செய்த மரபணுப் பரிசோதனை இரண்டே மணி நேரத்தில் கிருமியைக் காட்டிவிட்டது.

எங்கள் பழைய அறிக்கையைப் பார்த்த மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த வகை ரத்தப் பரிசோதனை நோய் இருப்பவரை இல்லை என்றும், இல்லாதவரை இருக்கிறது என்றும் காட்டக்கூடியது என்பதால், காசநோயைக் கண்டறிய இதைப் பயன்படுத்தவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-லேயே அறிவித்துவிட்டதாம். அப்படிப்பட்ட ஒன்றுக்குத்தான் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறேன்.

பரிசோதனைக் கூடத்தை அழைத்தால், முதலில் பேசியவர் “அறிக்கையை மருத்துவரிடம் காட்டுங்கள்” என்றார். மருத்துவர்தான் தவறு என்கிறார் என்றதும் இணைப்பை வேறொருவருக்கு மாற்றினார். அவர் “கருவி காட்டியதைத்தான் நாங்கள் தர முடியும், தொகுப்புக்குப் பணம் திரும்பக் கிடையாது” என்றார். மறுபடி அழைத்தபோது யாரும் எடுக்கவில்லை. அரை மாதச் சம்பளம் போனதைவிட, போன அந்த 12 நாட்கள்தான் நெஞ்சை அறுக்கின்றன.

எந்தப் பரிசோதனை எதற்கு என்று விரிவாக எழுத நினைத்திருந்தேன். மகளைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருப்பதால் இப்போதைக்கு இவ்வளவுதான். மருத்துவர் சளி கேட்டிருந்தால் சளியைத்தான் கொடுங்கள். காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளியாக அது இருக்க வேண்டும், எச்சில் போதாது. நுண்ணோக்கியில் கிருமி தெரியவில்லை என்றாலும் நோய் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மரபணுப் பரிசோதனையும், சளியிலுள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள். வளர்ப்பின் முடிவு தெரிய ஆறு வாரங்கள் வரைகூட ஆகலாம்.

ரசீதை வரிவரியாகப் படியுங்கள். எங்கள் ரசீதில் ‘சளிப் பரிசோதனை’க்கும் சேர்த்தே பணம் வாங்கியிருக்கிறார்கள், இதை எழுதும்போதுதான் அந்த வரி என் கண்ணில் படுகிறது.