‘எஃப்பிஎஸ் பூஸ்ட் பேக்’ வாங்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய லேப்டாப்பில் பெரிய கேம்களை 60 எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு 60 படங்கள்) ஓட வைப்போம் என்று ஒருவர் ‘பூஸ்ட் பேக்’ விற்கிறார். தம்பிக்காகக் காசு கட்டி வாங்கினேன். வந்தது ஒரு ஜிப் ஃபைல். அதற்குள் ஒரு பேட்ச் (.bat) ஃபைல், அதாவது கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல், கேமுக்கான ஒரு செட்டிங்ஸ் ஃபைல், ‘ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிவிட்டு அட்மினிஸ்ட்ரேட்டராக ரன் பண்ணவும்’ என்று ஒரு குறிப்பு.

அந்தக் குறிப்பைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. பேட்ச் ஃபைல் என்பது வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறந்தே படிக்கலாம். முதல் சில வரிகள் டெம்ப் (தற்காலிக ஃபைல்கள்), ப்ரீஃபெட்ச் (புரோகிராம்களைச் சீக்கிரம் திறக்க விண்டோஸ் வைக்கும் குறிப்புகள்) ஃபோல்டர்களைக் காலி செய்கின்றன. ப்ரீஃபெட்சை அழித்தால் கேம் வேகமாகாது. விண்டோஸ் அதைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்து பேஜ் ஃபைலை, அதாவது ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் இடத்தை, நிறுத்துகிறது. ரேம் குறைவான லேப்டாப்பில் இதைச் செய்தால் மெமரி போதாமல் கேம் பாதியிலேயே மூடிக்கொள்ளும். கடைசியில்தான் விஷயமே இருக்கிறது: விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் பாதுகாப்பை அணைத்து, ஏதோ ஒரு முகவரியிலிருந்து ஒரு இஎக்ஸ்இ ஃபைலை இறக்கி, கணினி ஆன் ஆகும்போதெல்லாம் அது ஓடும்படி பதிந்து வைக்கிறது. கேமுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செட்டிங்ஸ் ஃபைலை மட்டும் தனியாக எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எஃப்பிஎஸ் ஏறியது உண்மைதான். ஆனால் ரெசல்யூஷன் ஸ்கேலை 50 சதவீதமாக வைத்திருக்கிறார்கள். 1920×1080 திரையில் கேம் உள்ளுக்குள் 960×540-இல் வரைகிறது, அதாவது கால் பங்கு பிக்சல்கள்தான். தூரத்தில் நிற்கும் எதிரி ஆளா மரமா என்றே தெரியவில்லை. கேமின் மெனுவிலேயே இலவசமாக இருக்கிற ஒரு ஸ்லைடருக்குத்தான் இந்தக் காசு!

விற்றவரிடம் கேட்டதற்கு, “உங்க லேப்டாப்தான் சரியில்லை, அல்ட்ரா பேக் எடுங்க” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக்.

அப்புறம் மெனுவில் உட்கார்ந்து நாங்களே மாற்றினோம். ரெசல்யூஷன் 1280×720, இதுவே பிக்சல்களின் எண்ணிக்கையை முன்பிருந்ததில் பாதியைவிடக் குறைத்துவிடும். ஷேடோ (நிழல்) லோ, ஆம்பியன்ட் அக்லூஷனும் (மூலை முடுக்குகளில் விழும் மென்நிழல்) வால்யூமெட்ரிக் ஃபாகும் (மூடுபனி) ஆஃப். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) மீடியத்திலேயே விட்டோம். அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் மெமரியைப் பொறுத்தது, மெமரி போதுமென்றால் குறைத்துப் பெரிய லாபமில்லை, படம்தான் கெடும். பிறகு 30 எஃப்பிஎஸ்ஸில் லிமிட் வைத்தோம். ஏறி இறங்கும் 45-ஐவிட நிலையான 30 கண்ணுக்கு எவ்வளவோ மேல். கேமில் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் ஏஎம்டியின் வசதி) இருந்தால் ‘குவாலிட்டி’யில் போட்டுப் பாருங்கள், பழைய கார்டுகள் பலவற்றிலும் வேலை செய்யும்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால், காசைச் செலவழிக்க வேண்டிய இடம் ரேம். பிராசசரோடு சேர்ந்தே வரும் இன்டக்ரேட்டட் கிராஃபிக்ஸ் சிப்புக்குச் சொந்த மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒரே ரேம் குச்சி இருக்கும் கணினியில் இரண்டாவதைப் போட்டு டூயல் சேனல் ஆக்கினால் ரேமுக்குத் தரவு போய்வரும் பாதை இரட்டிப்பாகும். எந்த சாஃப்ட்வேர் பேக்காலும் இதைத் தர முடியாது.

ஏற்கெனவே இப்படி ஒரு பேக்கை ஓடவிட்டவர்கள் முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். டிஃபெண்டரை ஆன் செய்து ஆஃப்லைன் ஸ்கேன் (விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே தேடும் ஸ்கேன்) கொடுங்கள், பேஜ் ஃபைலைத் தானியங்கிக்கு மாற்றுங்கள். மெயில், பேங்க், கேம் அக்கவுண்ட் பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் அல்ல, வேறொரு போனிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள்.